கோலாலம்பூரில் மாமாவுக்குக் கண்ணாடி இல்லாத இரண்டு நாட்கள்

சுவிசில் என் வயதோடு வளர்ந்தவர்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த வகைப் படம் ஒன்று தொங்கியிருக்கும். ஏதோ ஒரு மூன்றாம் நாட்டில், ஒரு பெரிய கட்டடத்துக்கு முன்னால், சுவிசிலிருந்து போனவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நிற்கும் படம். உங்களில் பலருக்கு அது சென்னை, சிலருக்கு பாங்கொக். எங்களுக்குக் கோலாலம்பூர். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இல்லை. அப்பா ஹோட்டல் சமையல்காரரிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்த கமெராவால் ஐந்து நாளும் எங்களை நிறுத்தி நிறுத்தி எடுத்தார். டாவோஸுக்குத் திரும்பிக் கழுவக் கொடுத்தபோது பிலிம் கமெராவுக்குள் மாட்டவேயில்லை, ஒரு பல்கூட நகரவில்லை என்று கடைக்காரப் பெண் சொன்னாள். ஒரு படமும் விழவில்லை.

ஆகவே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. என் தலையில் கறுப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

டாவோஸில் பனிச்சறுக்குக்காரர் போனபிறகு, மலையேறுபவர்கள் வருவதற்கு முன், ஹோட்டல்கள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். அப்பா அதை ‘ஸ்விஷன்சேசோன்’ என்று ஒரு பண்டிகையின் பெயரைப்போலச் சொல்லுவார். அவர் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவினார். அந்தச் சில வாரம்தான் அவருடைய விரல் நுனிகள் சுருக்கம் இல்லாமல் இருக்கும். பள்ளிக்கூடமும் அப்போது விடுமுறை. எனக்குப் பத்து வயதான அந்த வசந்தத்தில் அம்மா சொன்னா: “பிள்ளை, மாமாவைப் பாக்கப் போறம். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ எண்டு அவர் சோதிப்பார். இப்பவே படி.”

மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். எங்கள் பயணப் புத்தகத்தில், பிறந்த நாட்டைத் தவிர மற்ற எங்கும் போகலாம் என்று எழுதியிருந்தது. அதனால் நாங்கள் அவரிடம் போக முடியாது. அவருக்கு சுவிஸ் விசா கிடைக்காது. இரண்டு பக்கத்துக்கும் திறந்திருந்த கதவு மலேசியா.

மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவருடைய தொலைபேசி வந்தால் அப்பா குப்பை கொட்டப் போய்விடுவார். குப்பை இல்லாத நாளிலும் போவார்.

காரணத்தை அம்மா துண்டு துண்டாகச் சொல்லியிருந்தா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் பேசி முடித்தபிறகு அப்பா வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். இரண்டு வருடம் ஒரு சேதியும் இல்லை. “அவன் உன்னை மறந்திட்டான்” என்று சொல்லி மாமா வேறொரு மாப்பிள்ளை பார்த்தார். அம்மா மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தா. அந்த நேரத்தில்தான் அப்பா சுவிசில் இருக்கிறார் என்று தெரியவந்தது. அம்மா புறப்பட்டு வந்துவிட்டா. தன்னைக் கழித்துவிட்ட மனிதரோடு அப்பா அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் மாமா எங்களுக்கு முன்னரே வந்து காத்திருந்தார். நான் பயந்து வைத்திருந்த ஆள் இல்லை அவர். கட்டையானவர், நெடுங்கை வெள்ளைச் சட்டை, போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடி. அதற்குள் கண்கள் இரண்டு கடுகுபோலத் தெரிந்தன. அம்மா அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதா. அப்பா பெட்டிகளின் பூட்டைச் சரிபார்த்தார்.

“அவர் களைச்சுப் போனாரோ எண்டு கேள்,” என்றார் மாமா அம்மாவிடம்.

“இல்லையாம் எண்டு சொல்லு,” என்றார் அப்பா, அதே அம்மாவிடம்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்காது.

வெளியே வந்தபோது வெப்பம் ஒரு ஈரத் துவாய்போல முகத்தில் விழுந்தது. வாடகைக் கார்கள் நின்ற இடத்தில் ஒரு பெரிய மனிதர் தூணில் சாய்ந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு வயிறு முன்னால் வந்திருந்தது. உங்களுக்குத் தெரியும், டாவோஸ் பஸ்ஸில் தமிழ் எங்கள் இரகசிய மொழி. யாருடைய மூக்கைப் பற்றியும் யாருடைய தொப்பியைப் பற்றியும் சத்தமாகக் கதைக்கலாம். அந்தப் பழக்கத்தில் சொன்னேன்: “அம்மா, அந்த மாமான்ர வண்டியைப் பாருங்கோ, எவ்வளவு பெரிசு.”

அந்த மனிதர் நிமிர்ந்தார். “பெருசுதான் தங்கச்சி. அஞ்சு பேர் தாராளமா உக்காரலாம். வண்டி பின்னாடி நிக்குது, வாங்க.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. எங்கள் ஊரில் வண்டி என்றால் தொந்தி, அவருக்கு அது கார். மாமாவின் தோள்கள் குலுங்கின. அப்பா திரும்பி நின்று மலைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அங்கே மலை இல்லை. அவரும் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சாரதிதான் அந்த ஐந்து நாளும் எங்களை ஏற்றித் திரிந்தார்.

ஊரைச் சுற்றிப் பார்க்கும் யோசனை அம்மாவுடையது. அறைக்குள் இருந்தால் இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். வெளியே போனால் இரண்டு பேரும் கட்டடத்தைப் பார்க்கலாம். இது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அப்போது, பட்டணம் எங்களுக்காகவே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் தங்கிய பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் கடைப் பலகைகள் தமிழில் இருந்தன. சலூனும் தமிழ், மருந்துக் கடையும் தமிழ். ஒரு பொலிஸ்காரர்கூட அம்மாவுக்குத் தமிழில் வழி சொன்னார். தமிழ் என்பது எங்கள் வீட்டுக்குள்ளும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் மட்டும் இருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, பெட்டிக்குள் வைத்திருந்த பொம்மை எழுந்து தெருவில் நடப்பதுபோல இருந்தது. பலகைகளைக் கண்ட இடமெல்லாம் உரக்க வாசித்தேன். மாமா சோதிக்கவேயில்லை. கேட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

முதல்நாள் மன்னரின் மாளிகை வாசலுக்குப் போனோம். உள்ளே விட மாட்டார்கள். வாசலில் சிவப்புச் சட்டை போட்ட காவலர்கள் குதிரைமேல் அசையாமல் இருந்தார்கள். அப்பா கமெராவைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு வந்து குதிரைக்கு இந்தப் பக்கம் நின்றார். மாமா அந்தப் பக்கம் நின்றார். நடுவில் குதிரை. “ஐயா, கொஞ்சம் கிட்ட வாங்க, குதிரை மட்டும்தான் தெரியுது,” என்று சாரதி கெஞ்சினார். யாரும் நகரவில்லை. நகர்ந்தது குதிரை மட்டும்.

இரண்டாம் நாள் நகருக்கு வெளியே பத்துமலை முருகனிடம் போனோம். இப்போது படிக்கட்டின் அடியில் நிற்கும் பொன்னிற முருகன் அப்போது இல்லை. பாறையின் வாய்க்குள் நேரே ஏறிப்போகும் படிகளும் குரங்குகளும்தான். நான் எண்ணிக்கொண்டு ஏறி இரண்டுமுறை கணக்குத் தவறி விட்டுவிட்டேன். குகைக்குள் குளிர். மேலே பாறை திறந்த இடத்தால் வெயில் ஒரு தூணைப்போல இறங்கி நின்றது. கற்பூர மணம், வௌவால் மணம், நனைந்த கல்லின் மணம். அம்மா எங்கள் எல்லாருக்கும் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வித்தா.

இறங்கும்போதுதான் நடந்தது. மாமா வியர்வையைத் துடைக்கக் குனிந்தார். கைப்பிடிச் சுவரில் இருந்த ஒரு பெரிய குரங்கு, மிகவும் நிதானமாக, தபால்காரன் கையெழுத்து வாங்குவதுபோல, அவருடைய முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டது.

அப்பா அதைத் துரத்தினார். பச்சை மலையில் ஆடு மேய்க்கும் பொடியனைப்போல அவர் சுவரில் ஏறிப் பாறையில் தாவினார். சாரதி கீழேயிருந்து வாழைப்பழத்தை ஆட்டிக் காட்டினார். குரங்கு பழத்தையும் வாங்கிக்கொண்டது. பிறகு கண்ணாடியைக் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை போலும், கீழே பள்ளத்துக்குள் எறிந்துவிட்டது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

மாமா படியில் அப்படியே நின்றார். கண்ணாடி இல்லாத அவருடைய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். கண்கள் பெரியவை, அம்மாவுடைய கண்கள். “பிள்ளை,” என்றார் எங்கோ பார்த்து, “எனக்கு ஒண்டும் தெரியேல்லை. எல்லாம் புகை மாதிரிக் கிடக்கு.”

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னா: “எனக்குப் பிள்ளையைப் பிடிக்கவேணும். அண்ணையை நீங்கள் பிடியுங்கோ.”

எனக்கு ஆத்திரம் வந்தது. டாவோஸில் உறைபனியில் தனியாகப் பள்ளிக்கூடம் போய் வருபவள் நான், என்னை எதற்குப் பிடிக்க வேண்டும்? கையை இழுத்தேன். அம்மா விடவில்லை. கீழே வந்து சேரும்வரை விரல் நோகப் பிடித்திருந்தா.

அப்பா உள்ளங்கையில் ஒட்டிய பாறைத் தூசியைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு மாமாவின் முழங்கையைப் பிடித்தார். முதல் படியில் இரண்டு பேரும் ஒன்றாகக் காலை வைத்தார்கள்.

“மச்சான், கவனம். இதில படி கொஞ்சம் உடைஞ்சு கிடக்கு.”

அதுதான் நான் பிறந்தபிறகு அப்பா மாமாவிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை. கதைத்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்ததோ என்னவோ.

கண்ணாடிக் கடையில், இவ்வளவு தடித்த கண்ணாடிக்கு இரண்டு நாள் ஆகும் என்றார்கள். “அப்ப நான் அறையில இருக்கிறன். நீங்கள் போய்ப் பாருங்கோ,” என்றார் மாமா. அம்மாவின் முகம் வாடியது. அப்பா காரின் கதவைத் திறந்து பிடித்தார். “ஏறுங்கோ மச்சான். நான் பாத்துச் சொல்லுறன்.”

அப்படித்தான் அந்தப் பட்டணத்தை நாங்கள் பார்த்தோம், அப்பாவின் வாயால். வீட்டில் அவர் நாள் முழுக்கப் பேசுவது பத்துச் சொல்லாக இருக்கும். அவருக்குத் தெரிந்த உலகம் குசினி. ஆகவே கோலாலம்பூர் முழுவதும் பாத்திரமாகவும் பண்டமாகவும் மாறியது.

இரண்டு ஆறுகள் சேரும் முனையில் ஒரு பழைய பள்ளிவாசல் இருந்தது. “சிவப்பும் வெள்ளையும் வரி வரியா, மச்சான். கேக் வெட்டி வைச்ச மாதிரி. மேல வெங்காயம் உரிச்சுக் கவிட்டு வைச்சது போல மூண்டு. சுத்திவரத் தென்னை.”

“ஆறு?”

“ஆறு தேத்தண்ணி நிறம். பால் விட்டது.”

தூரத்தில் இரட்டைக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். “இடியப்ப உரல் ரெண்டை நிமித்தி வைச்சிருக்கு. இன்னும் முடியேல்லை. மேல கிரேன் நிக்குது.” சந்தைக் கட்டடத்துக்கு அருகில் ஒரு சீனக் கோயில். உள்ளே சுருள் சுருளாகத் தொங்கி எரியும் ஊதுபத்திகள். “முறுக்கு, மச்சான். பெரிய முறுக்கு. கூரையில கட்டி எரிய விட்டிருக்கினம்.” மாமா சிரித்தார். புகையை மூச்சில் இழுத்துவிட்டு, “மணம் வேற மாதிரி இருக்கு,” என்றார். நான் பலகைகளை வாசித்தேன். நான் தடக்கிய சொல்லை மாமா காற்றைப் பார்த்துத் திருத்தினார். இப்படி நான்கு பேர் ஒரு வரிசையாகப் போனோம். ஒரு சீனக் கிழவி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, எழுந்து வந்து, மாமாவின் கையில் ஒரு தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போனா.

மாமா ஒரே ஒரு இடத்தைத்தான் தானாகக் கேட்டார். பழைய ரயில் நிலையம். மாமாவின் அப்பப்பா அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து மலேயா ரயில்வேயில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவர். அவருடைய பென்ஷனில்தான் அவர்களுடைய வீட்டுக்கு ஓடு போட்டார்களாம். சின்ன வயதில் கேட்டுக் கேட்டு, பார்க்காத அந்த ஸ்டேஷன் மாமாவுக்கு மனப்பாடம்.

நான்காம் நாள் காலை போனோம். அப்பா வெளியே தெருவில் நெடுநேரம் நின்று பார்த்தார். நல்ல சொல் தேடுகிறார் என்று நினைத்தேன். “மச்சான், இது ஸ்டேஷன் மாதிரியே இல்லை. ராசா வீடு. முழுக்க வெள்ளை. வளைவு வளைவா இருக்கு. மேல குடை பிடிச்ச மாதிரிச் சின்னச் சின்ன மண்டபம். எங்கட ஹோட்டல்ல கலியாணத்துக்கு ஒரு கேக் செய்வாங்கள், அதைக்கூட இப்பிடிச் செய்யத் தெரியாது.”

“அவர் வெள்ளை எண்டுதான் சொல்லுவார்,” என்றார் மாமா. உள்ளே போய் ஒரு தூணை இரண்டு கையாலும் தடவினார். நாங்கள் பிளாட்பாரத்தில் ஒரு நீண்ட மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்தோம். கூரைக்குள் புறாக்கள் பறந்தன. ஒரு ரயில் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதன் சத்தம் அடங்கியபிறகு மாமா சொன்னார்.

“உமக்கு ஒண்டு சொல்லவேணும். முகம் தெரியாத நேரம்தான் வாயில வருது.”

அப்பா வாங்கில் அவர் பக்கமாகத் திரும்பி இருந்தார்.

“நீர் வெளிக்கிட்டு ஒரு வருசத்தால ஒருத்தன் வந்தவன். நீர் போன கூட்டம் எல்லைக் காட்டுக்குள்ள பனியில விறைச்சுச் செத்துப் போச்சுதாம். உம்மட பேரும் சொன்னவன்.”

அம்மாவின் பிடி என் கையில் தளர்ந்தது. அவவும் இதை முதல்முறையாகக் கேட்கிறா.

“தங்கச்சிக்கு அதை எப்பிடிச் சொல்லுறது? மறந்திட்டான் எண்டு சொன்னனான். கோவம் வந்தால் எழும்பி நடப்பாள். துக்கம் வந்தால் படுத்திடுவாள் எண்டு நினைச்சன். அதுதான் வேற மாப்பிள்ளையும் பாத்தது.”

“பிறகாவது சொல்லியிருக்கலாமே,” என்றார் அப்பா மெதுவாக. “நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்ச பிறகு.”

“செத்துப் போனீர் எண்டு நினைச்சனான் எண்டு ஒரு மனிசனிட்ட ஃபோனில சொல்லலாமோ? அதுவும் நீர் ஒருநாளும் ஃபோனுக்கு வந்தால்தானே.”

அப்பா தன் கைகளைப் பார்த்தார். “நான் குப்பை கொட்டப் போறனான்,” என்றார்.

எனக்கு இந்தக் கதையில் பாதிதான் விளங்கியது. அப்பா செத்துவிட்டார் என்று ஒருகாலத்தில் ஆட்கள் நினைத்தார்கள் என்பது விளங்கியது. அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்பா இத்தனை வருடம் தன்னை வேண்டாத மாப்பிள்ளை என்று எண்ணிக்கொண்டு டாவோஸ் மலையில் கோப்பை கழுவினார். மாமா ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைத் தங்கைக்காகச் சொன்னதென்று சொல்லவும் வழியில்லாமல் இருந்தார். இரண்டு பேரும் நல்லவர்கள். அதனால்தான் அவ்வளவு காலம் எடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா கேட்டார்: “அப்ப எனக்கு முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் செய்தனீங்களோ?”

“சீச்சீ. மனம் வரேல்லை. கோயில்ல உம்மட பேரில ஒரு அர்ச்சனை செய்தனான். இருந்தால் இருக்கிறவனுக்கு, போனால் போனவனுக்கு. ஐயர் நட்சத்திரம் கேட்டார். உம்மட நட்சத்திரம் எனக்கு ஞாபகம் இல்லை. என்ர நட்சத்திரத்தைச் சொல்லிப்போட்டன்.”

“அதுதான்,” என்றார் அப்பா, “சுவிசுக்கு வந்த நாள் துவக்கம் எனக்கு ஒண்டும் சரிவரேல்லை.”

முதலில் அம்மாதான் சிரித்தா, கண்ணீரும் மூக்குமாக. பிறகு மாமா. அப்பா சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. வாங்கு ஆடியது. அவர் சத்தமாகச் சிரிப்பார் என்றே எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு கூரைக்குப் போய்ப் புறாக்களைக் கலைத்தது.

அன்று பின்னேரம் கண்ணாடி வந்தது. மாமா கடையில் அதைப் போட்டுக்கொண்டு முதலில் அப்பாவைத்தான் பார்த்தார். “என்ன மச்சான், இப்பிடி மெலிஞ்சு போனீர்?”

“ஹோட்டல்ல மற்ற ஆக்கள்தான் சாப்பிடுகினம்.”

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் முதல் மாமாவின் தொலைபேசிக்கு அப்பாதான் ஓடிப்போவார். நாங்கள் சுவிசிலேயே ஊஸ்டருக்கு வீடு மாறிய பிறகு மாமாவுக்கு ஒருமுறை விசா கிடைத்து, மூன்று மாதம் வந்து நின்றார். அப்பா அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார். அங்கேயும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடப்பார், தண்ணீர் என்ன நிறம், மலை எதைப்போல என்று. கண்ணாடி போட்ட மாமாவும் தெரியாதவர்போல, “ஓமோ, பிறகு?” என்று கேட்டுக்கொண்டு போவார்.

ஆனால் நான் அடிக்கடி போய் நிற்பது கோலாலம்பூரின் அந்தக் கடைசி மாலையில்தான். பெரிய மைதானம். அந்த நாட்டுச் சுதந்திரக் கொடி முதன்முதலாக ஏறிய இடம் என்று சாரதி சொன்னார். ஒரு பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நீளமான கட்டடம். இருளத் தொடங்க, அதன் வளைவுகள் எல்லாவற்றிலும் சின்ன மின்குமிழ்கள் பற்றின. குடும்பம் குடும்பமாக ஆட்கள் புல்லில் இருந்தார்கள். நான் வெறுங்காலோடு ஓடித் திரிந்தேன். டாவோஸில் அந்த மாதத்தில் புல் வருவதற்கே இன்னும் நாள் இருந்தது.

மாமா என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “ஓட்டம் தாயிட்ட இருந்து வந்தது. தங்கச்சி பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்கேல்லை. நூறு மீட்டரில இவளை முந்த ஆள் இல்லை. உமக்குத் தெரியாதே?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “இல்லை. சொல்லேல்லை.”

“சும்மா இருங்கோ அண்ணை. அது எந்தக் காலம்,” என்றா அம்மா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் அம்மா உறைபனியில் விழுந்துவிடாமல் பாதத்தை ஒவ்வொன்றாக ஊன்றி வைப்பவ. பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பவ. “அம்மாவால என்னை முந்த ஏலாது,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தா. கொடிக்கம்பத்தைப் பார்த்தா. சேலையின் முன்மடிப்பான கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் செருகினா. செருப்பைக் கழற்றினா. மாமா எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

“ஒண்டு, ரெண்டு.”

மூன்றைச் சொல்லுமுன்பே நான் ஓடிவிட்டேன். பாதித்தூரத்தில் என் பக்கத்தில் காற்று ஒன்று வந்தது. சேலையின் சத்தம், வளையலின் சத்தம். அம்மா என்னைத் தாண்டிப் போனா. தலை நிமிர்ந்து, கைகள் வெட்டி, பின்னல் பின்னால் பறக்க, என்னைவிட ஏழெட்டு வயது மட்டும் மூத்த யாரோ ஒருத்தி போவதைப்போல. கம்பத்தைத் தொட்ட பிறகும் நிற்காமல் ஓடினா. விளக்குகள் எரிந்த அந்த நீளக் கட்டடம் முழுவதும் அவவுடைய பக்கத்தில் ஓடியது.

நான் மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தேன். புல்லில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மாமா இன்னும் கையை உயர்த்தியபடி நின்றார். அவருக்குப் பக்கத்தில் அப்பா, அம்மாவின் செருப்பு இரண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.